எலும்பில்லாத அடுப்பு

அகழாய்வுக் குழியின் அடிமண்ணில் ஒரே ஒரு பெரிய அடுப்பு. பெயர் தெரியாத ஆதி மக்கள் சுற்றி உட்கார்ந்து தின்று போட்ட எலும்புகள் அங்கே கலந்து கிடந்தன. பல தலைமுறைகள் கழித்துப் படிந்த மேல்மண்ணில் குடும்பத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன அடுப்புகள், நடுவில் கல்வரிசைகள். தின்று முடித்து, அவரவர் அரைகல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போயிருந்தார்கள். கோடியிலிருந்த அடுப்பருகே மட்டும் அரைகல் மல்லாந்து கிடந்தது. சாம்பல் இருந்தது, எலும்பு ஒன்றுகூட இல்லை.

"பக்கத்துலயே உக்காந்து தின்னுருக்காங்க. ஒரு வாய் குடுக்கலையே, பாவிங்க" என்றாள் மண் அள்ளும் கொப்பம்மாள்.

அகழாய்வை நடத்தும் தமயந்திக்கு மதியம் சோறு இறங்கவில்லை. குழிக்குள் ஒரு பருக்கை விழுந்தாலும் ஆட்களைத் திட்டித் தீர்க்கிறவள் அவள். சாயங்காலம் எல்லோரும் போனபின் தானே இறங்கி, டிபன் பாக்ஸில் மீந்த சோற்றை அந்தக் கல்லின் மேல் வைத்தாள். தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

காலையில் கொப்பம்மாள்தான் தார்ப்பாயை விலக்கினாள். "அம்மா, இந்தக் கல்லை யாரு கவுத்து வச்சது?"

தமயந்தி குனிந்து தொட்டாள். கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை.