பச்சை டிக்

அக்கா கையும் களவுமா மாட்டிக்கிட்டாங்க.

சாயங்காலம் அஞ்சு மணி. எல்லாரும் பையைத் தூக்கிட்டுக் கிளம்புற நேரம். வரைபட அறையில அக்கா மட்டும் கம்ப்யூட்டர்ல பென் டிரைவைச் சொருகிட்டு உட்கார்ந்திருந்தாங்க. பூனை மாதிரி பின்னாடி வந்து நின்னாரு சிஸ்டம்காரர்.

அந்தக் கட்டட வடிவமைப்பு ஆபீஸ்ல கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாத்துக்கும் அவர்தான் பொறுப்பு. பென் டிரைவ் கொண்டுவரக் கூடாதுன்னு சுவத்துல நோட்டீஸ் ஒட்டினவரும் அவர்தான்.

"என்ன மேடம் இது?"

இத்தனை நாளா அக்கா. இன்னைக்கு மேடம். அதுலயே அவங்களுக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு.

"இன்னைக்கு வரைஞ்சதைக் காப்பி எடுக்கறேன்."

"எதுக்கு?"

"இருக்கட்டுமேன்னு."

இருக்கட்டுமேன்னா எங்கே இருக்கட்டும்? போட்டி கம்பெனியிலயா? பென் டிரைவைப் பிடுங்கினவரு நேரா முதலாளி ரூமுக்குள்ள நுழைஞ்சாரு. சொன்னாரு. கொஞ்சம் கூட்டியே சொன்னாரு.

முதலாளி கண்ணாடியைக் கழட்டி மேஜையில வெச்சாரு. அவர் கண்ணாடியைக் கழட்டினா யாருக்கோ சீட்டுக் கிழியப்போகுதுன்னு அர்த்தம்.

"நாளையிலேருந்து அவங்க வரவேண்டாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணு. இதுல இருக்கறதையும் நம்ம பேக்கப்ல இருக்கறதையும் ஒத்துப் பாரு. எதையாவது மாத்தி வெச்சிருக்காங்களான்னு தெரியணும். பத்து நிமிஷம்."

"அஞ்சு போதும் சார்."

பேக்கப்னா ஆபீஸ் வரைபடம் எல்லாத்தையும் தினமும் தானே காப்பி எடுத்து வெக்கிற ஏற்பாடு. அதுல சிஸ்டம்காரருக்குத் தனி கர்வம். எட்டு மாசம் முன்னாடி அவரே போட்டது. ரெடிமேடா வர்ற விர்ச்சுவல் மெஷின். பெரிய சர்வருக்குள்ள குடிவர்ற குட்டிக் கம்ப்யூட்டர்னு வெச்சுக்குங்களேன். பாத்திரம் பண்டத்தோட, அடுப்பையும் பத்தவெச்சுக்கிட்டே வரும். நாம பண்ண வேண்டியது கொஞ்சம்தான். ஃபைலை இறக்கி சர்வர்ல ஏத்தணும், அதுக்கொரு அட்ரஸ் குடுக்கணும், பாஸ்வேர்டை மாத்தணும், கடிகாரத்தைச் சரிபண்ணணும். கையேடு மொத்தமே பதினாலு பக்கம்.

பதிமூணாம் பக்கம் வரைக்கும் வந்தாரு. ஸ்கிரீன்ல 'ஓட்டு'ன்னு ஒரு பட்டன் தெரிஞ்சுது. அமுக்கினாரு. பச்சை டிக் வந்துச்சு. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினாரு. எல்லாரும் கைதட்டினாங்க.

அதுலேருந்து தினம் காலையில அந்த டிக்கைப் பிரிண்ட் எடுத்து முதலாளி மேஜையில வெப்பாரு. ஆபீஸ்ல அவருக்குப் பேரே பச்சை டிக். அது அவருக்கு மட்டும் தெரியாது. கையேடு அவர் மேஜையில டீ கிளாஸைத் தாங்கிக்கிட்டுக் கிடந்துச்சு.

இப்போ, வாழ்க்கையில முதல் தடவையா, பேக்கப்பைத் திறந்தாரு.

உள்ளே ஒரே ஒரு ஃபோல்டர். பேரு 'மாதிரி'. அதுக்குள்ள மூணு படம். ரோஜாப்பூ, நாய்க்குட்டி, சூரிய அஸ்தமனம்.

தேதியை மாத்தினாரு. ரோஜாப்பூ. போன மாசத்துக்குப் போனாரு. நாய்க்குட்டி அவரையே பார்த்துச்சு.

மெஷின் தன்கூட வந்த மாதிரிப் படங்களை, தானே தினமும் பத்திரமா எடுத்து வெச்சிருக்கு. ஆபீஸ் வரைபடம் ஒண்ணுகூட இல்லை.

டீ கிளாஸை நகர்த்திட்டுக் கையேட்டைப் புரட்டினாரு. பதினாலாம் பக்கம். மாதிரியை நீக்கிட்டு உங்க சர்வரைச் சேருங்கன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. அவசர அவசரமா சேர்த்தாரு. ஓட்டினாரு. முடிய ஒன்பது மணி நேரம் ஆகும்னு காட்டுச்சு. முதலாளி குடுத்த பத்து நிமிஷத்துல நாலுதான் பாக்கி.

பென் டிரைவைச் சொருகினாரு. நாள்வாரியா ஃபோல்டர். ஒருநாள்கூட விடுபடலை. முதல் ஃபோல்டரோட தேதி, அவர் மெஷின் போட்டதுக்கு மறுநாள்.

நிமிர்ந்தாரு. வாசல்ல கைப்பையோட அக்கா.

"அக்கா..." மேடம் போயிடுச்சு. "உங்களுக்கு எப்போ தெரியும்?"

"மறுநாளே தம்பி. ஒரு வரைபடத்தைத் தெரியாம அழிச்சுட்டு உன்னைத் தேடி வந்தேன். சீட்ல நீ இல்லை. நானே பேக்கப்பைத் திறந்து பார்த்தேன். நாய்க்குட்டி வந்துச்சு."

"ஏன் சொல்லலை?"

அன்னைக்குத்தான் அவருக்கு வேலை நிரந்தரம்னு லெட்டர் வந்துச்சாம். வராந்தாவுல நின்னு அம்மாவுக்குப் போன் பண்ணிக்கிட்டிருந்தாராம். அந்தக் குரலைக் கேட்டதும் அக்காவுக்கு வாயே வரலையாம். ஆனா சும்மாவும் இருக்கலை. கையேட்டைப் பதினாலாம் பக்கத்துல மடிச்சு அவர் மேஜையில வெச்சாங்களாம், மூணு தடவை.

"மூணு தடவையும் அதுமேலயே டீ கிளாஸை வெச்சே."

போன் அடிச்சுது. ரெண்டு பேரையும் முதலாளி கூப்பிடுறாரு.

"என்ன, ஒத்துப் பார்த்தியா?"

சிஸ்டம்காரர் அக்காவைப் பார்த்தாரு. அக்கா ஜன்னலைப் பார்த்தாங்க. உண்மை தொண்டை வரைக்கும் வந்துச்சு. அங்கேயே நின்னுடுச்சு.

"பார்த்தேன் சார். ஒரு கோடுகூட மாறலை. வெளியே யாருக்கும் போன மாதிரியும் தெரியலை." அக்கா பக்கம் கையைக் காட்டினாரு. "ரூல்ஸை மீறினது தப்புதான். ஆனா இந்த ஒரு தடவை... மன்னிச்சு விட்டுடலாம் சார்."

முதலாளி எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினாரு.

"பெரிய மனசுய்யா உனக்கு." அக்கா பக்கம் திரும்பினாரு. "வேற ஆளா இருந்தா உன் வேலை போயிருக்கும்மா. சாருக்கு நன்றி சொல்லு."

"ரொம்ப நன்றி சார்"னு சொன்னாங்க அக்கா. சிரிக்காமலேதான் சொன்னாங்க.

வெளியே வந்ததும் கையை நீட்டினாங்க.

"பென் டிரைவைக் குடு தம்பி. உன் மெஷின் முடிக்க இன்னும் ஒன்பது மணி நேரம் இருக்கு. இன்னைக்குக் காப்பி பாதியில நிக்குது."