விடுப்பில் போன கடிகாரம்

"இது என்ன நியாயம் அண்ணே? என் மகனுக்குக் காய்ச்சல்னு அரை நாள் கேட்டதுக்கு அந்த முறை முறைச்சாங்க. இப்போ அவங்களுக்கு மட்டும் பத்து நாள் லீவாம்!"

துணை ஆய்வாளர் பொருமினாள். ஆய்வக உதவியாளர் கண்ணாடிக் குழாய்களை அடுக்கியபடியே சிரித்தார்.

"கடிகாரத்துக்கும் ஓய்வு வேணாமாம்மா?"

'கடிகாரம்' என்பது ஆய்வகத் தலைவிக்கு அவர்கள் இருவரும் வைத்திருந்த பெயர். ஒரு நிமிடம் தாமதித்தாலும் வாசலிலேயே மணி அடித்துவிடுவார்.

"எங்கே போறாங்களாம்?" என்று கேட்டார் உதவியாளர்.

"கடலோரமாம். 'சும்மா படுத்துக் கிடக்கப் போறேன்'னு என்கிட்டயே சொன்னாங்க. அதுக்குத்தான் கொஞ்ச நாளா அரை வயிறு சாப்பிட்டு உடம்பை இளைக்க வெச்சாங்க போல!"

அவளது கோபத்துக்குக் காரணம் இருந்தது. அரைவேக்காட்டு இறைச்சியோடும் காய்ச்சாத பாலோடும் வயிற்றுக்குள் நுழையும் ஒரு கிருமியைப் பற்றியது அவர்களின் ஆய்வு. மாட்டின் குடலில் ஓசைப்படாமல் குடியிருக்கும். மாட்டுக்கு ஒரு குறையும் வராது. அதே கிருமி மனிதக் குடலில் ஒட்டிக்கொண்டால், குடியிருக்கும் வீட்டையே இடித்துவிடும். குழந்தைகள் என்றால் உயிருக்கே ஆபத்து.

ஏன் இந்த ஓரவஞ்சனை? இரண்டு குடலிலும் ஒரே நாளில் ஒட்டவைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மாட்டுக் குடலுக்குப் பஞ்சமில்லை. மனிதக் குடலுக்கு எங்கே போவது? அறுவைச் சிகிச்சையில் நோயுற்ற பகுதியோடு சேர்த்து வெட்டப்படும் நல்ல ஓரம் கிடைத்தால்தான் உண்டு. கேட்ட நோயாளிகள் எல்லாரும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்கள்.

"வெட்டறது போதாதா, அதுக்குக் கிருமி வேற வைக்கணுமா?" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

இந்த மாதத்துக்குள் முடியாவிட்டால் ஆய்வையே மூடிவிடுவார்கள்.

கடைசியில் யாரோ ஒரு புண்ணியாத்மா சம்மதித்திருந்தது. அந்த நேரம் பார்த்துத் தலைவி விடுப்பில்!

"வியாழக்கிழமை துண்டு வரும். நீயே செய். கெடுத்துட்டா இன்னொண்ணு கிடைக்காது," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிய தலைவி, திரும்பி நின்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். "கையுறையோட போனைத் தொடாதே. எத்தனை தடவை சொல்றது?"

வியாழனன்று பனிக்கட்டிப் பெட்டியில் துண்டு வந்தது. பெயர் இல்லை, எண் மட்டும். மாட்டுத் துண்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். கிருமியை விட்டாள். காத்திருந்து, ஒட்டாதவற்றையெல்லாம் அலசி வெளியேற்றினாள். கை ஒரு முறைகூடப் பிசகவில்லை.

"கடிகாரம் இல்லாமலேயே நேரம் ஓடுது பார்த்தியா!" என்றார் உதவியாளர்.

மறுநாள் காலை நுண்ணோக்கியில் கண் வைத்தவள் கூவிவிட்டாள்.

"அண்ணே! ரெண்டிலயும் ஒட்டியிருக்கு! மாட்டுக் குடல் அப்படியே இருக்கு, மனுஷக் குடலை அரிச்சிருக்கு. ஒட்டற விதமே வேற!"

அப்போது தொலைபேசி அடித்தது. மருத்துவமனைச் செவிலி பேசினாள்.

"நேத்து உங்களுக்குக் குடல் துண்டு கொடுத்த நோயாளி உங்ககிட்டப் பேசணுமாம். எழுந்து உட்காரவே முடியல, பிடிவாதம் மட்டும் குறையல. இந்தாங்க."

மெலிந்த குரல் ஒன்று வந்தது. அடையாளம் தெரிய அந்த ஒரு சொல்லே போதுமாயிருந்தது.

"ஒட்டிச்சா?"

"மேடம்... நீங்களா? கடலோரம்னு..."

"படுத்துத்தானே கிடக்கேன்? எப்படியும் வெட்டியாகணும்னு டாக்டர் சொன்ன குடல்தான். முன்னாடியே சொல்லியிருந்தா உன் கை நடுங்கியிருக்கும். இருந்தது ஒரே துண்டு. ஒட்டிச்சான்னு கேட்டேன்."

"ஒட்டிச்சு மேடம்..." அவள் விசும்பினாள்.

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. பிறகு அதே பழைய அதட்டல்.

"அழறது இருக்கட்டும். கையுறையைக் கழற்றிட்டுத்தானே போனை எடுத்தே?"