நாற்பத்தைந்தில் நர்சிங்

"கால் ரெண்டும் என்னோடதே இல்லைங்க" என்றபடி வெள்ளை ஷூவைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள் நர்ஸம்மா. தெருவில் எல்லோருக்கும் அவள் நர்ஸம்மாதான். கட்டிய கணவரும் செல்லமாக அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்.

"இன்னிக்கு வார்டுல கூட்டமா?"

"நடைதான். காலையிலிருந்து ஒரே நடை."

பிறகு உள்ளே போய்ச் சீருடையைக் கழற்றிக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு, நைட்டிக்கு மாறி வந்து உட்கார்ந்தாள். அதற்குள் கணவர் டீ போட்டு வைத்து, செல்போனில் கால்குலேட்டரையும் திறந்து வைத்திருந்தார்.

"குடிச்சுக்கிட்டே கேளு. இன்னிக்கு ஒரு முடிவுக்கு வந்துடலாம்."

"அந்த நர்சிங் பேச்சை நீங்க இன்னும் விடலையா?"

விடவில்லை. டயர் கம்பெனியில் இருபது வருடமாக பில் போட்டு, 'பில் சார்' என்றே பெயர் வாங்கிவிட்ட மனிதருக்கு, நாற்பத்தைந்து வயதில் நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஒரு மாதமாக அந்த வீட்டில் இதே பேச்சு, இதே பெருமூச்சு.

"நாலு வருஷப் படிப்பு. முதல் வருஷ ஃபீஸுக்கு என்னோட சேமநிதி சரியா இருக்கும். மீதிக்கு லோன். வீட்டுச் செலவுக்கு உன் சம்பளம். இழுத்துப் பிடிச்சா வண்டி ஓடிடும்."

"முடிக்கும்போது உங்களுக்கு நாப்பத்தொம்பது வயசு. கூடப் படிக்கிற பிள்ளைங்க எல்லாம் அங்கிள்னு கூப்பிடும்."

"யாராவது ராகிங் பண்ணா என்கிட்ட சொல்லுங்கப்பா, நான் வந்து கேக்கறேன்!" உள்ளறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமாப்பா?"

"ஐம்பதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்குடி. நீ படி!"

மூன்று பேருமே சிரித்தார்கள். நர்ஸம்மாவின் சிரிப்புதான் முதலில் நின்றது. மகளுக்கும் அடுத்த வருடம் கல்லூரி.

"செலவுன்னா ஃபீஸ் மட்டும் இல்லைங்க" என்றாள். "முதுகு போகும். தூக்கம் போகும். போன மாசம் ஒரு பெரியவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டே கண்ணை மூடிட்டார். எனக்கு அழக்கூட நேரமில்ல, பக்கத்துக் கட்டில்ல பெல் அடிக்கிறாங்க. அந்தச் செலவை உங்க கால்குலேட்டர்ல எங்க போடுவீங்க?"

அவர் செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

"இருபது வருஷமா பில் போடறேன். ஒரு நாள் நான் போகலைன்னா பில் லேட்டாகும், அவ்வளவுதான். ஒரு மனுஷனுக்குக்கூட நான் வேண்டியவனா இல்ல. அந்தப் பெரியவருக்குப் பிடிச்சுக்க உன் கை இருந்துச்சு பாரு, அது போதும் எனக்கு."

அவர் ஆசைப்பட்டதற்குக் காரணமே அவள்தானே! டியூட்டியிலிருந்து வந்ததும் வராததுமாக, சீருடையை மருந்து கலந்த வெந்நீரில் ஊறப்போட்ட பிறகுதான் மகளையே பக்கத்தில் விடுவாள். எத்தனை அலுப்பிலும் தவறாத அந்த ஒழுங்கைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கு அந்த வேலை மேல் அப்படியொரு பக்தி வந்தது. கணக்கில் மனிதர் புலி. மற்ற விஷயங்களில், கண்ணெதிரே நடந்தாலும் யாராவது சொன்னால்தான் ஏறும்.

"இந்த வருஷம் வேண்டாங்க" என்றாள் கெஞ்சலாக. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம். என் பேச்சைக் கேளுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கோச்சுக்காதே நர்ஸம்மா. இன்னிக்குக் காலையில ராஜினாமா கொடுத்துட்டேன்."

அவள் டீ தம்ளரைக் கீழே வைத்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா?"

"சொன்னா நீ விடமாட்டே. வேலையை விட்டாத்தான் சேமநிதிப் பணம் கைக்கு வரும், நான் என்ன பண்ண? மேனேஜர் ஏன்னுகூட ஒரு வார்த்தை கேக்கல. சாயங்காலமே என் இடத்துல அவரோட மச்சானைக் கொண்டுவந்து உக்கார வச்சுட்டார்."

"நாளைக்கே போய், தெரியாம கொடுத்துட்டேன்னு கேட்டுப் பாருங்களேன்."

"மச்சானை எழுப்பிட்டு என்னை உக்கார வைப்பாரா? அப்புறம் அவர் வீட்டுல சோறு கிடைக்குமா?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு, அவர் அவளுடைய கால்களை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிட ஆரம்பித்தார். "இப்பவே பழகிக்கறேன். நீயே சொல்லிக்கொடு, எங்க அழுத்தணும்?"

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. அதைப் பணத்தைப் பற்றிய பயம் என்று எடுத்துக்கொண்டார் அவர்.

"அட, எதுக்கு இப்படிப் பயப்படறே? மாசம் பிறந்தா உன் சம்பளம் வந்துடப்போகுது. அது இருக்கற தைரியத்துலதானே இவ்வளவும் பண்ணேன்?"

கதவுக் கொக்கியில் நனையாமல் தொங்கிய சீருடையைப் பார்த்தபடி அவள் சொன்னாள்:

"நான் போன வாரமே வேலையை விட்டுட்டேங்க."