ஹாஃப் கிளட்ச்

"ஒரு வருஷத்துல மூணாவது கிளட்ச். நீ டாக்சி ஓட்டறியா, அடுப்பு எரிக்கறியா?"

கருகித் தேய்ந்த கிளட்ச் தட்டை நிக்கானோரின் காலடியில் போட்டார் எவரிஸ்தோ. வண்டி அவருடையது. ஓட்டுவது நிக்கானோர்.

"மேடு ஜாஸ்தி, முதலாளி."

"தாஸ்கோ மாதிரி மலை ஊர்ல எந்தத் தெருதான் மேடு இல்ல? மத்தவங்களுக்கு நாலு வருஷம் வருது. இது அந்த சிரிலோ பண்ணின வேலை மாதிரியே இருக்கு. மேட்டுல நின்னா கைபிரேக் போடவே மாட்டான். ஹாஃப் கிளட்ச்லயே வண்டியைத் தொங்க விடுவான். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில சாவியை வாங்கிட்டேன்."



சாவியைக் கொடுத்த மறுநாள், வேறு ஊரில் வேலை தேடி பஸ் ஏறியவன் சிரிலோ. மூன்று வருடமாகத் திரும்பவில்லை. அவன் படம் போட்ட 'காணவில்லை' காகிதங்கள் விளக்குக் கம்பங்களில் வெளுத்துப்போய் ஒட்டியிருக்கின்றன.

"இன்னிக்கு நாள் முழுக்க உன்கூட வரப்போறேன்" என்றார் எவரிஸ்தோ. "தப்பு உன் கால்லதான்னு தெரிஞ்சா, சாவியை வெச்சுட்டுப் போயிட்டே இரு."

"இந்த வண்டியை விட்டா எனக்கு வேற வண்டி கிடையாது, முதலாளி."

"அது கிளட்சுக்குத் தெரியுமா?"

ஆள் ஏறி இறங்க வசதியாக, ஓட்டுநர் பக்கத்து முன்சீட்டைக் கழற்றிய வெள்ளை வோச்சோ அது; வண்டு மாதிரி இருக்கும் பழைய ஃபோக்ஸ்வேகன் கார். எவரிஸ்தோ பின்சீட்டில் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, நிக்கானோரின் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்தக் கால் ஒரு தப்பும் செய்யவில்லை. கியர் மாற்றியதும் பெடலை விட்டுத் தரைக்கு வந்துவிட்டது. நெரிசலில் நின்றால் நியூட்ரல். மேட்டில் நின்றால் கைபிரேக். கிளம்பும்போது எஞ்சின் வீணாக உறுமவில்லை.

சோள மாவு வாளியோடு ஏறிய ஒருத்தி, "என் வீட்டு வாசல்லயே நிறுத்துப்பா" என்றாள்.

"அங்கே செங்குத்து, செனோரா. கொஞ்சம் தள்ளி சமமா இடம் இருக்கு. வாளியை நான் தூக்கிட்டு வரேன்."

"உன் வண்டிக்கு மட்டும்தான் முழங்கால் வலிக்குமா?" என்றவள், பக்கத்தில் இருந்த எவரிஸ்தோவிடம் திரும்பி, "பொண்டாட்டியைக்கூட இப்படித் தாங்க மாட்டான் இவன்" என்றாள்.

எவரிஸ்தோவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"உன் மேல தப்பு இல்ல, நிக்கானோர். தட்டுதான் மட்டமான சரக்கு. கடைக்காரனை நாளைக்குக் கவனிச்சுக்கறேன். என்னை வீட்டுல விட்டுட்டுப் போ."

நிக்கானோர் மணி பார்த்தான்.

"இங்கேயே இறங்கிக்கறீங்களா, முதலாளி? எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"சும்மா... மேலே வரைக்கும்."

"அப்படின்னா நானும் வரேன்."

 நிக்கானோர் வண்டியை மேலே திருப்பினான்.

அந்தச் சந்து ஊரிலேயே செங்குத்தானது. பாதி மேட்டில், ஒரு பச்சை ஜன்னலுக்குக் கீழே வண்டி நின்றது. ஏற ஆள் இல்லை. இறங்கவும் ஆள் இல்லை. நிக்கானோர் கைபிரேக் போடவில்லை. கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்து, வண்டியை அப்படியே தொங்க விட்டான். எஞ்சின் முனகியது. கருகும் நாற்றம் வந்தது.

"அடப்பாவி, இதுதானா சங்கதி?" எவரிஸ்தோ எட்டிக் கைபிரேக்கைப் பிடித்தார். "நாள் முழுக்க என் முன்னால நல்ல பிள்ளையா நடிச்சியே. எடு சாவியை."

"தரேன், முதலாளி. ஒரு நிமிஷம் மட்டும் பொறுத்துக்கோங்க. கைபிரேக்கை இழுத்துடாதீங்க."

அவன் ஹாரனை இரண்டு முறை தட்டினான். ஜன்னல் திறந்தது. ஒரு வயதான அம்மாள் காற்றைத் தடவுவது போலக் கையை வெளியே நீட்டினாள்.

"சிரிலோ, வந்துட்டியா?"

ஹாரன் மறுபடி இரண்டு முறை.

"சரி, சரி. நான் சாப்பிட்டுப் படுத்துக்கறேன். உன் பங்கை மூடி வெச்சிருக்கேன்."

எவரிஸ்தோ குரலைத் தாழ்த்தினார். "சிரிலோவோட அம்மா ரெமேதியோஸா?"

"ஆமாம். கண்ணும் போச்சு, நினைப்பும் போச்சு. பையன் இன்னும் உங்ககிட்டதான் ஓட்டறான்னு நம்பிட்டிருக்காங்க. வண்டி சத்தம் கேட்டாத்தான் ஒரு வாய் சாப்பிடறாங்க."

"அதுக்கு ஏன்டா கிளட்சை எரிக்கணும்? கைபிரேக்கைப் போட்டுட்டு ஹாரனை அடிச்சாப் போதாதா?"

"அதையும் செஞ்சு பார்த்தேன், முதலாளி. கைபிரேக் சத்தம் கேட்டதும், 'இது என் பையன் இல்ல'ன்னு ஜன்னலைச் சாத்திட்டாங்க. ரெண்டு நாள் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல."

மேலே இருந்து குரல் மீண்டும் வந்தது.

"டேய், கிளட்ச் கருகற நாத்தம் இங்கே வரைக்கும் வருது. கைபிரேக் போட்டுப் பழகுடான்னு எத்தனை தடவைதான் சொல்றது? எவரிஸ்தோ சாவியை வாங்கிட்டார்னா எங்கேடா போவே?"

எவரிஸ்தோ கைபிரேக்கிலிருந்து கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.