சொன்னால் பேசாத பெட்டி

"பேசுமா?" என்று கேட்டார் பழைய கம்ப்யூட்டர் சேகரிப்பவர், படியேறியதும் ஏறாததுமாக.

"பேசுமாவா? வாயை மூடினாத்தானே சார்!" என்றார் டிவி மெக்கானிக்.

சேகரிப்பவர் செருப்பை உதறிவிட்டு உள்ளே நுழைந்தார். அந்த ரகக் கம்ப்யூட்டரைச் செய்த கம்பெனி, தட்டுவதை வாய்விட்டுப் படிக்கும் பெட்டியொன்றை அதன் முதுகில் மாட்டிய கையோடு திவாலாகிவிட்டது. உலகத்தில் மிஞ்சியவை ஐந்தோ ஆறோ. இதைத் தவிர எல்லாம் கண்ணாடிப் பேழைக்குள் ஊமையாக உட்கார்ந்திருக்கின்றன.

மெக்கானிக் மார்பை நிமிர்த்திக்கொண்டு அளக்க ஆரம்பித்தார்.

விடிந்தால் அவருக்கு முன்னால் அது எழுந்துவிடுமாம். சட்டைக் காலர் அழுக்கென்று, வாசலைத் தாண்டியவரைத் திருப்பிக் கூப்பிடுமாம். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவரை அது கேட்ட கேள்வியில், மனிதர் வேலையை உதறிவிட்டுக் கோழிப் பண்ணை வைத்துவிட்டாராம்.

"உள்ளே ஒரிஜினல் பார்ட்ஸ் எவ்வளவு இருக்கு?"

"சுவிட்ச் ஒரிஜினல் சார்."

மற்ற பார்ட்ஸ் எல்லாவற்றையும் பழைய டிவிகளிலிருந்து பிடுங்கி, அவரே மாற்றியிருந்தார். ஒரு நாள்கூட அதை வாயடைக்க விட்டதில்லை என்று மீசையைத் தடவினார்.

சேகரிப்பவர் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் பேசினால் போதும். உள்ளறைத் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே மூச்சுப் பேச்சில்லை.

"எங்கே, பேசச் சொல்லுங்க."

"சொன்னா பேசாது சார். காலையிலேர்ந்து கோபம். கேக்காம உங்களை வரச் சொல்லிட்டேன்ல?"

நல்ல ஆளிடம் வந்து மாட்டினோம் என்று சேகரிப்பவர் பையைத் தோளில் மாட்டினார்.

மெக்கானிக்குக் காது சிவந்தது. இத்தனை வருஷம் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றியதைப் பார்க்க வந்த ஒரே ஆள், புளுகன் என்று முடிவுகட்டிவிட்டுப் போகப் போகிறார். இதைவிட ஒரு மானக்கேடு உண்டா?

சட்டென்று ஆறிப்போன டீக் கோப்பையை இழுத்தார். சர்க்கரை டப்பாவைத் திறந்தார்.

ஒரு ஸ்பூன் போட்டு, கிணுகிணுவென்று கலக்கினார்.

இன்னொன்று. தெருவுக்கே கேட்கும்படி கலக்கினார்.

மூன்றாவதற்கு ஸ்பூன் டப்பாவின் விளிம்பில் உரசியதுதான் தாமதம்.

"சர்க்கரை வியாதிக்காரர்... ஸ்பூனை... கீழ வைங்க!"

தகரத்தைச் சுரண்டுகிற குரல். ஒவ்வொரு சொல்லும் தடுக்கி விழுந்து எழுந்து வந்தது.

சேகரிப்பவர் ஒரே பாய்ச்சலில் போய்த் திரைச்சீலையை விலக்கினார்.

கீபோர்டில் எழுத்து என்று ஒன்றுகூட இல்லை. தேய்ந்து வழவழவென்று கிடந்தது. அதன் முன்னால் மெக்கானிக்கின் மனைவி, தொண்டையில் ஆபரேஷன் செய்த துளையை மூடிக் கட்டிய துணியோடு உட்கார்ந்திருந்தார்.

வந்தவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குனியாமலே விரல்களை ஓட்டினார்.

"நிக்க வச்சா... பேசிட்டிருக்கார்? உக்காருங்க... தம்பி."

மெக்கானிக் பின்னால் வந்து நின்றார். மாப்பிள்ளைக் கோலத்தில்கூட மனிதர் இவ்வளவு மிடுக்காக நின்றிருக்க மாட்டார்.

"என்ன சார், பேசுதா?"