மேனேஜர் எழுதிய கையேடு

கோப்புகளை வெப்சைட்டாக்கும் கருவிக்கு அவள் ஆறு மாதம் மண்டையை உடைத்து எழுதிய கையேட்டில், மேனேஜர் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். அவள் வேலையை விட்டுப் போகும் நாளன்று அவளிடமே வந்து நின்றார்.

"இந்தக் கையேட்டை வெப்சைட்டா போட என்ன கமாண்ட்?"

"ரெண்டு இருக்கு சார். முதல்ல இது."

அவருடைய லேப்டாப்பில் அடித்தாள். தளம் பளிச்சென்று வந்தது.

"வந்துடுச்சே. போதும், பாடம் எடுக்காதே."

இரண்டாவது கமாண்டை அவள் விழுங்கிக்கொண்டாள்.

அன்று மாலை டைரக்டர் கூட்டிய மீட்டிங்கில் மேனேஜர் அனுப்பிய லிங்க் யாருக்கும் திறக்கவில்லை.

"என் லேப்டாப்ல வருதே சார்," என்றார் மேனேஜர்.

டைரக்டர் கையேட்டின் அச்சுப் பிரதியைப் புரட்டினார்.

"'முதல் கமாண்ட் முன்னோட்டம் மட்டுமே. உங்கள் கம்ப்யூட்டரைத் தவிர வேறெங்கும் தெரியாது.' முதல் பக்கத்துலயே இருக்கு. நீங்க எழுதினதுதானே?"

மேனேஜர் எதிரே உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தார்.

அவள் பாடம் எடுக்கவில்லை.