யார் ஒதுங்குவது?

பருந்துக்கு நெடுஞ்சாலைதான் பள்ளிக்கூடம். லாரி ஹாரன் அடித்தால் சைக்கிள் மண்ணில் இறங்கிவிடுவதை அது தினமும் மேலிருந்து பார்த்தது. வானத்திலும் அப்படித்தான் என்று நினைத்து, எதிரே வந்த குருவிகளையெல்லாம் அதட்டி விரட்டியது.

ஒருநாள் காலை, மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு பெரிய விமானம் வந்தது. அதற்கு நேர் எதிரே, ஆட்கள் நின்ற கூடையைத் தூக்கிக்கொண்டு ஒரு பலூன் மிதந்து வந்தது.

"யோவ் பலூன், ஒதுங்குய்யா!" என்று பருந்து கத்தியது.

"எனக்கு ஏதுப்பா ஸ்டியரிங்? காத்து தள்ளுற பக்கம்தான் போவேன்," என்றது பலூன் நடுங்கியபடி.

பருந்து கண்ணை இறுக மூடிக்கொண்டது. மெல்லத் திறந்தபோது, அந்த மலை போன்ற விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வானத்தையே அளப்பதுபோல் பெரிய வளைவு போட்டு, பலூனை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை.

"இவ்வளவு பெரிய நீங்களா ஒதுங்கினீங்க?" என்று பருந்து விமானத்தைக் கேட்டது.

"அவரால திரும்ப முடியாது. என்னால முடியும். இங்க சட்டமே அதுதான்," என்று சொல்லிவிட்டு விமானம் மேகத்துக்குள் மறைந்தது.

பருந்து வெகுநேரம் சிறகடிக்க மறந்து மிதந்தது. அப்போது அதன் எதிரே ஓர் இலவம்பஞ்சு காற்றில் தள்ளாடி வந்தது.

பருந்து இறக்கையைச் சாய்த்தது.